கிடுகு வேலியும் கணினியின் கருவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேலி என்பது நிலத்தின் எல்லையைக் காட்டும் அடையாளம் மட்டுமன்று. அது ஓயாத செலவுமாகும். பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நடப்பட்டு, அவற்றின்மீது கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டப்படும் வேலி, வெயிலுக்கும் மழைக்கும் கறையானுக்கும் இரையாகி மீண்டும் மீண்டும் அடைக்கப்பட வேண்டியதாகின்றது. 16 பரப்புக் கொண்ட ஓர் ஏக்கர் நிலம் ஒருவர் கையில் இருக்கும்வரை நான்கு பக்க வேலியே போதும். அதுவே சீதனமாகவும் முதுசமாகவும் துண்டுபடுமாயின் குறுக்கு வேலிகள் எழும். ஓலைச் செலவு கூடும். கதியால் நின்ற இடத்திற் பயிர் குன்றும். அயலவர் சிலர் இடைவேலியிற் ‘பொட்டு’ ஒன்றை விட்டு வைத்தமைக்கு நட்பு மட்டுமே காரணமன்று. கிணற்றுக்குப் போவதற்கு ஒழுங்கையைச் சுற்றும் தூரம் அதனால் மிச்சமாயிற்று. அயல் நல்லதாக இருக்கும்வரை பொட்டினால் தீங்கில்லை.

கணினியின் நினைவகத்திலும் இவ்வாறானதொரு பொட்டு நெடுங்காலம் இருந்து வந்தது. பணிசெயல் முறைமையின் நடுவே நின்று கோப்புகளையும் வலையமைப்பையும் சாதனங்களையும் ஆளும் பகுதியே கரு எனப்படுவது. கடவுச்சொல், மறைகுறிச் சாவி, பிறர் கோப்பின் துணுக்கு யாவும் ஏதோவொரு வேளையில் அதன் கையில் இருக்கும். ஒவ்வொரு நிரலும் தனக்கென அமைந்த முகவரி வெளியில் இயங்கினும், அவ்வெளியின் ஒரு பகுதியிற் கருவும் குடியிருப்பதே வழக்கமாயிற்று. நிரல் கருவை அழைக்குந்தோறும் பக்க அட்டவணையை மாற்ற வேண்டியதில்லை என்பதே அதன் ஆதாயம். ‘இது கருவுக்கு மட்டும் உரியது’ என்னும் குறி அட்டவணையில் இடப்பட்டது. அக்குறியைச் செயலி மதிக்கும் என்ற நம்பிக்கையே வேலியாக நின்றது.

இருவரையும் முற்றாகப் பிரித்து அடைக்கும் எண்ணம் பாதுகாப்பின் பொருட்டு மட்டும் எழுந்ததன்று என்பது சுவையான செய்தி. 32 பிட் முகவரியால் எட்டக்கூடியது 4 கிகாபைற்று மட்டுமே. லினக்சில் அதன் 3 பங்கு நிரலுக்கும் 1 பங்கு கருவுக்கும் வழக்கமாக ஒதுக்கப்பட்டன. பெரிய கணினிகளின் நினைவகம் பல மடங்கு பெருகியபோது, அதன் பக்கங்களுக்குக் கணக்கு வைக்கும் பேரேடே கருவின் பங்கைப் பெரிதும் விழுங்கியது. 2003 ஆம் ஆண்டில் இங்கோ மொல்னார் என்பவர் நிரலுக்கு 4, கருவுக்கு 4 எனப் பிரித்தமைத்தார். இடம் கிடைத்தது, வேகம் குறைந்தது. 64 பிட் செயலிகள் பரவி முகவரிப் பஞ்சம் நீங்கியதும் அவ்வேலி தேவையற்றதாகிக் கைவிடப்பட்டது.

அது வேறொரு காரணத்தால் மீண்டும் அடைக்கப்பட வேண்டியதாயிற்று. 2018 சனவரி 3 ஆம் திகதி ‘மெல்ட்டவுன்’ என்னும் குறைபாடு வெளியிடப்பட்டது. கூகிளைச் சேர்ந்த யான் ஹோர்ன், ஒஸ்திரியாவின் கிராஸ் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார் முதலியோர் அதனைத் தனித்தனியே கண்டறிந்திருந்தனர். இன்ரெல் செயலிகளிற் பெரும்பாலானவை, அனுமதி உண்டா இல்லையா என்னும் விடை வருமுன்னரே அடுத்த வேலைகளைச் செய்து பார்த்துவிடும் இயல்பின. விடை ‘இல்லை’ என வரின் செய்தவற்றை அழித்துவிடும். ஆயினும் தொட்ட நினைவகப் பகுதி எதுவென்னும் சுவடு பதுக்கு நினைவகத்தில் எஞ்சிவிடும். எப்பகுதி விரைவாக வாசிக்கப்படுகின்றது என நேரத்தை அளந்தால், காணக்கூடாத எழுத்தைக் கண்டுகொள்ளலாம். படலையடியில் மறிக்கப்பட்டவர் திரும்பிப் போய்விட்டார். ஆனால் முற்றத்திற் காயும் நெல் எவ்வளவு என்பதைப் பார்த்துக்கொண்டே போனார்.

பரிகாரம் ஏறத்தாழத் தயாராக இருந்தமை நல்லூழ் எனலாம். கிராஸ் பல்கலைக்கழகத்தார் 2017 இலேயே வேறொரு தாக்குதலைத் தடுக்கும் பொருட்டு, நிரல் இயங்கும்போது கருவைப் பக்க அட்டவணையிலிருந்தே நீக்கிவிடும் முறையை முன்வைத்திருந்தனர். லினக்சின் 4.15 ஆம் பதிப்பு அதனைத் தழுவிக்கொண்டது. இப்போது ஒவ்வொரு நிரலுக்கும் இரண்டு அட்டவணைகள். நிரலின் அட்டவணையிற் கருவின் வாசற்பகுதி மட்டுமே தெரியும். பழைய வீடுகளின் சங்கடப்படலைபோல, வந்தவர் ஒதுங்கி நிற்பதற்கு அதுவே போதும், வீடு தெரிய வேண்டியதில்லை. தலைமை அட்டவணை 4 கிலோபைற்றிலிருந்து 8 ஆயிற்று. இந்த நினைவகச் செலவு பொருட்படுத்தத்தக்கதன்று. உண்மையான விலை நேரத்திற் கொடுக்கப்படுகின்றது. கருவை அழைக்குந்தோறும் அட்டவணை மாறும். முகவரிப் பெயர்ப்புகளை அண்மையில் வைத்திருக்கும் சிறு குறிப்பேடு அதனால் அழிந்துபோகும். 2010 அளவிலிருந்து வந்த இன்ரெல் செயலிகள், குறிப்பேட்டில் எது எவருடையது எனப் பெயரிட்டு வைத்து இவ்விழப்பைக் குறைக்க வல்லன. அதற்கு முந்தியவற்றுக்கு அவ்வசதி இல்லை.

வேலி இன்னும் நெருக்கமாக அடைக்கப்படின் நினைவகமும் விலை கேட்கத் தொடங்குகின்றது. 64 பிட் லினக்சின் கரு, கணினியிலுள்ள நினைவகம் முழுவதையும் ஒரே நேர்ப்படமாகத் தன் முகவரி வெளியில் வைத்திருக்கின்றது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அறிந்தோர்க்கு, யாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைப்பதன் பொருள் விளக்க வேண்டியதன்று. ஆயினும் அழிவுக்கு மருந்து பிரதி. களவுக்கு மருந்து மறைப்பு. பிரதி பெருகப் பெருக மறைப்பது கடினமாகும் என்பதும் உண்மையே. 2021 இல் வந்த 5.14 ஆம் பதிப்பு, குறித்த சில பக்கங்களை அந்நேர்ப்படத்திலிருந்தே அகற்றிவிட நிரலுக்கு வழி செய்தது. நேர்ப்படம் பெரும் பக்கங்களாலானது. 1 கிகாபைற்றுப் பக்கம் ஒன்றை 4 கிலோபைற்றுத் துண்டுகளாக முற்றாக உடைத்தால் 262,144 துண்டுகள் வரும். அவற்றுக்கான அட்டவணை மட்டும் 2 மெகாபைற்று. விழுக்காட்டில் அது சிறிது. ஆனால் குறிப்பேட்டில் ஒரு வரியில் அடங்கியது இப்போது அடங்காது. காணி துண்டுபட்டால் ஓலைச் செலவு கூடும் என்பதை அறிந்த எவருக்கும் இது புதுமையாகத் தோன்றாது.

இச்செலவு எவர் தலையில் விழுகின்றது என்பதே கவனிக்கத்தக்கது. 2018 இன் பிற்பகுதியிலிருந்து இக்குறைபாடு நீங்கிய இன்ரெல் செயலிகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் இவ்வேலியை லினக்ஸ் அடைப்பதேயில்லை. புதியது வாங்க வல்லவர் வேலியின்றியே காவல் பெறுகின்றார். பழையதை வைத்திருப்பவர் காவலுக்காகத் தம் கணினியின் எஞ்சிய வேகத்தையும் கொடுக்கின்றார். 32 பிட் முறைமைகளுக்கோ இப்பரிகாரம் 2018 இன் பிற்பகுதியில், 4.19 ஆம் பதிப்பிலேயே வந்து சேர்ந்தது. இதனை நீதி எனக் கூறுதல் அரிது.

குடாநாட்டுக் கிராமங்களின் சனசமூக நிலையங்களில் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பிய பழைய கணினிகள் மூன்று, பத்திரிகை மேசைக்கு அருகில் இருக்கின்றன. தொடக்கக் கட்டளையில் ஒரேயொரு சொல்லைச் சேர்த்தால் இவ்வேலி அகன்றுவிடும் என்பதைப் பொறுப்பாளர் அறிவார். காத்திருக்கும் மாணவருக்கு அது நன்மையே. ஆனால் அதே இருக்கையில், கடல்கடந்த மகன் அனுப்பிய பணம் வந்ததா எனப் பார்க்கும் தாய் தன் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுகின்றாள். இணையப் பக்கங்களோ அயலார் எழுதிய நிரலை உள்ளே கொணர்கின்றன. அவளிடம் கேளாமல் அவளுடைய வேலியைப் பிரிக்கும் உரிமை பொறுப்பாளருக்கு இல்லை. இரண்டு கணினிகளில் வேலி நின்றபடியே நிற்கும். அவை மெதுவாகவே இயங்கும். மூன்றாவது, நூலகம் நிறுவனத்தார் மின்வடிவாக்கிய பழைய நூல்களைப் படியெடுத்து வைத்து வாசிப்பதற்கென ஒதுக்கப்படலாம். அதில் எவரும் கடவுச்சொல் தட்டப் போவதில்லை. அதன் வலைவடத்தைக் கழற்றிச் சுருட்டி அலுமாரியில் வைத்த பின்னர், அந்த ஒரு சொல்லை அவர் தாராளமாகச் சேர்க்கலாம்.