விரல் மட்டும் படித்தால் போதுமா?

மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தர இப்போது செல்போனே வந்துவிட்டது. படம் ஆடுகிறது, பாட்டுப் பாடுகிறது, எழுத்தைத் தொட்டால் கை தட்டுகிறது. 'வேண்டவே வேண்டாம்' என்று தள்ளவும் முடியவில்லை; 'பிள்ளை படிக்குது' என்று கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகவும் மனசு வரவில்லை. அதனால் எந்தச் செயலியானாலும் முதலில் நானே பத்து நிமிஷம் விளையாடிப் பார்ப்பது என்று வழக்கம் வைத்திருக்கிறேன்.

முதலில் குரலைக் கவனிப்பேன். எங்கள் சின்னமனூர்ப் பக்கம் எங்கு பார்த்தாலும் வாழைத் தோட்டம். ஆனால் பேச்சில் அது 'வாளத் தோட்டம்'தான்! ஊர்ப்பேச்சு அப்படி, அதில் குறையில்லை. எழுத்தில் மட்டும் வாழை என்றால் மரம், வாளை என்றால் மீன். ஒரு செயலியில் அழகான பழத்தின் படம் வந்தது. குரலோ 'வாளைப்பளம்' என்றது. பக்கத்திலிருந்த என் மாமியார் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, இதச் சொல்லிக் குடுக்க நான் போதாதா? இதுக்கு எதுக்கு போனு?"

நியாயமான கேள்வி! வீட்டில் காதில் விழாத ஒலியைத் தரத்தானே செயலி? ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லாததை வைத்துக்கொள்வதில் லாபமில்லை.

ஆங்கிலம் என்றால் இன்னொன்றும் பார்க்கவேண்டும். 'பி, ஏ, டி' என்று எழுத்தின் பெயரை மட்டும் ஒப்பித்தால் 'பேட்' என்று வாசிக்க வராது. ஒவ்வொரு எழுத்தும் சொல்லுக்குள் எப்படி ஒலிக்கிறது என்று சொல்லித்தர வேண்டும்.

அடுத்தது விளம்பரம். விளையாட்டுக்கு நடுவே கலர்ப் பொத்தான் வந்தால் பிள்ளை தொடாமல் இருக்குமா? எங்கெங்கோ போய்விடும். விளம்பரம் இல்லாததாக, நெட் இல்லாமலும் ஓடுவதாக இருந்தால் நிம்மதி.

மூன்றாவதுதான் முக்கியம். என் மகன் 'ப' விளையாட்டில் நட்சத்திரமாக அள்ளினான். ஆனால் பஸ் ஸ்டாண்டில் 'கம்பம்' என்ற போர்டைக் காட்டி, "இதுல 'ப' எங்கடா கண்ணு?" என்றால் முழித்தான். உட்கார்ந்து கவனித்தபோது விஷயம் புரிந்தது. நாலு கட்டத்தையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனால், ஏதோ ஒன்றுக்குக் கை தட்டிவிடுகிறது! விரல்தான் படித்ததே தவிர, பிள்ளை படிக்கவில்லை. தப்பாகத் தொட்டால் நிறுத்தி, எழுத்தை மறுபடி சொல்லிக் காட்டும் செயலியே நல்லது.

நேரமும் அளவோடு இருக்கட்டும். இரண்டிலிருந்து நாலு வயது வரை, உட்கார்ந்து திரை பார்ப்பது டி.வி.யையும் சேர்த்து நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். எங்கள் வீட்டில் எழுத்து விளையாட்டுக்குப் பதினைந்து நிமிஷம், அதுவும் நான் பக்கத்தில் இருந்தால்தான்.

போனை மூடியதும் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, அன்று பார்த்த ஒரே ஒரு எழுத்தை விரலால் எழுதச் சொல்கிறேன். எழுதிக்கொண்டே வாய்விட்டும் சொல்லவேண்டும். அரிசியில் வந்த எழுத்துத்தான் கணக்கு, நட்சத்திரம் கணக்கில்லை. நாலு நாள் இப்படிச் செய்து பாருங்கள். உங்கள் போனில் இருப்பது பிள்ளைக்குப் பாடமா, வெறும் பொழுதுபோக்கா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.