பனிமலையில் ஒரு பந்தி

திருப்பயணம் என்றதும் நம் மக்களுக்கு வேளாங்கண்ணியும் பூண்டியும் நினைவுக்கு வருவது இயல்பு. செபமாலை சொல்லிக்கொண்டு கால்நடையாகச் செல்வோரை ஆண்டுதோறும் காண்கிறோம். சென்ற செப்டம்பர்த் திங்களில், நம்மவர் அதிகம் அறியாத வேறொரு திருப்பயணத்தில் நடக்கும் பேறு எனக்குக் கிட்டியது. அது சீக்கியப் பெருமக்களின் பயணம். இமயத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 4,300 மீட்டரையும் கடந்த உயரத்தில் உள்ள ஹேமகுண்ட் சாகிப் என்னும் திருத்தலத்துக்குச் செல்லும் பயணம்.

என்னோடு குருமடத்தில் பயின்ற நண்பர் ஒருவர் உத்தரகண்ட் மாநிலத்தில் பல்லாண்டுகளாக மறைப்பணி ஆற்றி வருகிறார். அவரைக் காணச் சென்றிருந்தேன். "ஐம்பதைத் தாண்டிவிட்டோம். முழங்கால் ஒத்துழைக்கும்போதே போய் வந்துவிடுவோம், வா" என்று அவர்தாம் அழைத்தார். பிற சமயத்தாரின் தலத்துக்குக் குருவானவர் செல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பிற சமயங்களில் காணப்படும் உண்மையையும் தூய்மையையும் திருச்சபை மதிக்கிறது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. அதைக் குருமட வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். ஆனால், படித்ததைக் காலால் நடந்து கற்றது இப்போதுதான்.

ரிஷிகேசத்திலிருந்து மலைப்பாதை தொடங்குகிறது. தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் ஒன்றுகூடிக் கங்கை என்னும் பெயரைப் பெறுகின்றன. அதன்பின் அலக்நந்தாவின் கரையோடு ஜோஷிமட் வழியாகக் கோவிந்த்காட் என்னும் சிற்றூரை அடைய வேண்டும். 2013-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வந்த பெருவெள்ளம் இவ்வூரின் பாலத்தையும் கட்டடங்கள் பலவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. எல்லாம் மீண்டும் எழுப்பப்பட்டுப் பயணம் தொடர்கிறது.

கோவிந்த்காட்டுக்கு அப்பால் புல்னா என்னும் ஊர்வரை சிறு வண்டிகள் செல்லும். பிறகு நடைதான். நடக்க இயலாதவர்கள் கோவேறு கழுதைமேல் செல்கிறார்கள். அல்லது சுமையாளின் முதுகில் கட்டிய கூடையில் அமர்ந்து செல்கிறார்கள். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடந்து, மாலையில் காங்கரியா என்னும் இடத்தை அடைந்தோம். அங்குள்ள குருத்வாராவில் எவரும் எங்கள் சமயத்தை விசாரிக்கவில்லை. கம்பளிகளைக் கொடுத்து, படுக்க இடத்தைக் காட்டினார்கள். அவ்வளவே.

இத்தலத்தின் வரலாற்றை நண்பர் அன்றிரவு எடுத்துரைத்தார். சீக்கியரின் பத்தாம் குரு கோவிந்த் சிங் 1666 முதல் 1708 வரை வாழ்ந்தவர். அவர் பெயரில் வழங்கும் 'பசித்தர் நாடக்' என்னும் நூலில், ஏழு சிகரங்கள் சூழ்ந்த ஹேமகுண்ட் என்னும் இடத்தில் முற்பிறவியில் தவம் புரிந்த செய்தி வருகிறது. அந்த இடம் எதுவென்று தேடிய சந்த் சோகன் சிங் என்னும் அடியார், 1934-ஆம் ஆண்டில் இந்த ஏரியைக் கண்டடைந்தார். அவரோடு மோதன் சிங் என்னும் படைவீரரும் சேர்ந்து உழைத்து, முதலில் ஒரு சிறு குருத்வாராவை எழுப்பினார்கள். பனிப்பாரத்தைத் தாங்கும் சரிந்த கூரையுடன் இப்போதுள்ள கட்டடம், இராணுவப் பொறியாளரின் துணையோடு பின்னாளில் கட்டப்பட்டது. ஆண்டில் ஏறக்குறைய நான்கு திங்கள் மட்டுமே தலம் திறந்திருக்கும். கோடையின் தொடக்கத்தில் படைவீரர்கள் பனியை வெட்டிப் பாதை அமைத்துக் கொடுக்கிறார்கள்.

மறுநாள் விடியுமுன் புறப்பட்டோம். மீதித் தொலைவு 6 கிலோமீட்டர்தான். ஆனால் அத்தனையும் செங்குத்து. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. பத்து அடி வைப்பதும் நிற்பதுமாக ஏறினேன். ஒரு திருப்பத்தில் மூச்சுத் திணறிப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். கைத்தடி ஊன்றி வந்த சீக்கிய மூதாட்டி ஒருவர் என்னைக் கண்டு நின்றார். எழுபது வயதுக்குக் குறையாது. முடிச்சை அவிழ்த்துக் கற்பூரத்தை முகரத் தந்தார். கற்கண்டை வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார். "வாஹேகுரு" என்று இறைவனின் திருப்பெயரை உச்சரித்தபடியே, என்னை முந்திக்கொண்டு ஏறிச் சென்றார். அவர் நாவில் அந்தப் பெயர் ஓய்வதே இல்லை. நம் பாட்டிமாரின் விரல்களில் உருளும் செபமாலை என் நினைவுக்கு வந்தது.

உச்சியை அடைந்தபோது மூடுபனி விலகியிருந்தது. ஏழு சிகரங்களின் நடுவே கண்ணாடிபோல் ஏரி கிடந்தது. பாறைகளுக்கிடையே பிரம்ம கமலம் என்னும் வெளிர்நிற மலர் பூத்திருந்தது. கரையில் இலட்சுமணருக்கு இந்துக்கள் எழுப்பிய சிறு கோவிலும் உண்டு. இரு சமயத்தாரும் ஒரே நீரைப் புனிதமாகப் போற்றுகிறார்கள். பனி உருகி வந்த அந்த நீரில் ஆடவர் பலர் சற்றும் தயங்காமல் மூழ்கி எழுந்தனர். நான் கையை நனைத்ததோடு நின்றுகொண்டேன்.

காலணிகளைக் கழற்றி ஒப்படைக்கும் இடத்தில், நன்கு படித்தவராகத் தோன்றிய முதியவர் ஒருவர் என் சேறு படிந்த காலணிகளை இரு கைகளாலும் வாங்கி, துணியால் துடைத்து வைத்தார். சீக்கியரிடையே இதற்குச் 'சேவை' என்று பெயர். செல்வரும் பதவியில் இருப்போரும் விரும்பி ஏற்கும் பணி இது. பெரிய வியாழனன்று ஆண்டுக்கொருமுறை பன்னிருவரின் பாதங்களைக் கழுவுகிறேன். அவர்கள் முன்னதாகவே வீட்டில் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வந்த பாதங்கள் அவை! எனக்குச் சற்று வெட்கமாயிற்று.

தலையைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே அமர்ந்து அவர்களுடைய வழிபாட்டைக் கேட்டோம். பின்னர் 'லங்கர்' எனப்படும் பொது உணவுக்குச் சென்றோம். அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்த சூடான கிச்சடியும், இனிப்புத் தேநீரும் கிடைத்தன. ஒவ்வொரு மணி அரிசியும் விலங்கின் முதுகிலோ மனிதரின் முதுகிலோ ஏறி வந்ததே.

எல்லோரும் தரையில் வரிசையாக அமர்ந்தோம். எனக்கெதிரே ஒரு கூடைச் சுமையாள் அமர்ந்திருந்தார். அவர் முதுகில் ஏறி வந்த பெரியவர், விலையுயர்ந்த கம்பளிச் சால்வை போர்த்தியவர், அவருக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். இருவருக்கும் ஒரே கரண்டி, ஒரே அளவு. உண்டு முடித்ததும் அப்பெரியவர் எழுந்து, தேநீர்ப் பாத்திரத்தை வாங்கி வரிசைக்கு ஊற்றத் தொடங்கினார். சுமையாளின் குவளையையும் அவரே நிரப்பினார். அதைக் கண்டு வியந்தவர் அங்கே ஒருவரும் இலர், என்னைத் தவிர.

வாய்வரை கொண்டுபோன கவளம் நின்றுவிட்டது. என் பங்கின் நினைவு வந்தது.

எங்கள் பாதுகாவலரின் திருநாளன்று அசனம் கொடுப்பது பழைய வழக்கம். மூன்றாண்டுகளுக்குமுன் பந்தியைப் பற்றிப் பூசல் எழுந்தது. இன்னார் பக்கத்தில் அமரமாட்டோம், எங்கள் தெருவுக்கு முதற்பந்தி வேண்டும் என்று வார்த்தை தடித்தது. நான் ஒரு வழி கண்டேன். பந்தியை நிறுத்திவிட்டுச் சோற்றைப் பொட்டலமாகக் கட்டி வீடுதோறும் அனுப்பிவைத்தேன். அடிதடி இல்லாமல் திருநாள் முடிந்தது. நல்ல நிர்வாகி என்று பலர் பாராட்டினார்கள்; நானும் அப்படியே எண்ணிக்கொண்டேன். ஊரின் கடைசித் தெருவில் வாழும் மூதாட்டி ஒருவர் மட்டும் மறுநாள் வந்து, "சோறு வந்துச்சு சாமி, பந்தி வரலியே" என்றார். அதை நான் அன்று காதில் வாங்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பந்தி நடந்த காலத்திலும் நான் அதில் அமர்ந்ததில்லை. ஊர்ப் பெரியவர்களோடு பங்குத்தந்தை இல்லத்தில் மேசைபோட்டு உண்டேன். முதற்பந்தி கேட்டவர்களைக் கடிந்துகொண்ட நானே, யாருக்கும் கிட்டாத தனிப்பந்தியில் அமர்ந்திருந்தேன் அன்றோ!

சீக்கிய சமயத்தைத் தோற்றுவித்த குரு நானக் (1469–1539) காலத்திலிருந்தே லங்கர் வழங்கி வருகிறது. தம்மைக் காண வருவோர் யாராயினும் முதலில் பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும் என்று மூன்றாம் குரு அமர்தாஸ் விதித்தார். பேரரசர் அக்பரும் அவ்வாறே அமர்ந்து உண்டார் என்பது அவர்களுடைய மரபு. அச்சமுதாயத்தில் சாதி அறவே மறைந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் அந்த நோய் உண்டு. எனினும், அந்த நோய்க்கு எதிராக நாள்தோறும் தரையில் பாய் விரிக்கிறார்கள். நமக்கும் இது புதிய பாடமன்று. ஆண்டவரின் விருந்துக்குக் கூடிவந்து, இல்லாதவர்களை நாணச்செய்து தனித்தனியே உண்ட கொரிந்து நகரத்தாரைப் புனித சின்னப்பர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்! ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டுமென்று அவர் எழுதிய பகுதியை எத்தனையோ முறை பீடத்தில் நின்று வாசித்திருக்கிறேன். அதே பீடத்தில் ஒரே அப்பத்தை எல்லோருக்கும் பகிர்ந்தளித்துவிட்டு, வாசலுக்கு வெளியே பொட்டலம் கட்டினேன்.

மேலே இரவு தங்க அனுமதி இல்லை. நண்பகலுக்குப் பின் இறங்கினோம். இத்தலத்துக்குக் கயிற்று வண்டிப் பாதை அமைக்க 2025-ஆம் ஆண்டு மார்ச் திங்களில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துள்ளது. இனி முதியோருக்கு மலையேற்றம் எளிதாகலாம். அடுத்தவர் பக்கத்தில் தரையில் அமர்வது என்னும் ஏற்றத்துக்கு மட்டும் கயிற்று வண்டி கிடையாது; அதை அவரவரே ஏற வேண்டும்.

ஊர் திரும்பியதும் பங்குப் பேரவையைக் கூட்டி, என் தவற்றை முதலில் ஒப்புக்கொண்டேன். இவ்வாண்டுத் திருநாளில் பந்தி விரிக்கப்பட்டது. மேசை போடவில்லை, நானும் தரையில் அமர்ந்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல இயலாது. சில குடும்பங்கள் வரவில்லை. அவர்களுக்கென்று இலைகளை விரித்துவைத்து, கடைசிப் பந்தி முடியும்வரை காத்திருந்தோம். அடுத்த ஆண்டும் காத்திருப்போம்.

கடைசித் தெரு மூதாட்டி என் பக்கத்து இலையில் அமர்ந்திருந்தார். உண்டு முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. எழும்போது மட்டும், "சாமி, குழம்புல கொஞ்சம் உப்பு கூடிப்போச்சு" என்றார். அத்தனை உரிமையோடு என்னிடம் அவர் பேசியது அன்றுதான் முதன்முறை. அதற்காக இறைவனுக்கு நன்றி கூறினேன்.