கை ஒழிகிற நேரம்

கோடை விடுமுறைக் களப்பயிற்சிக்கு எங்கள் கல்லூரி ஒரு படிவம் வைத்திருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு அது ஒரு பக்கம். பெண் பிள்ளைகளுக்கு இரண்டு. மகள் வெளியூரில் தங்குவதில் தமக்கு ஆட்சேபம் இல்லை, எது நேர்ந்தாலும் கல்லூரி பொறுப்பல்ல என்று தந்தையோ காப்பாளரோ அந்த இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தமிழ்த் துறையில் பதினான்கு மாணவிகள் பெயர் கொடுத்தார்கள். இரண்டாம் பக்கத்தோடு திரும்பி வந்தவர்கள் ஆறு பேர்.

தமிழ் படிக்கும் பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள எந்த நிறுவனமும் காத்திருப்பதில்லை. வணிகவியல் மாணவிக்கு ஆடிட்டர் அலுவலகம் இருக்கிறது. எங்களுக்கு அச்சகம், அதுவும் இல்லையென்றால் நூலகம். அதனால்தான் புதுக்கோட்டை மாவட்டத்தில் கிராமப்புற இளையோருக்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு சிறிய அமைப்போடு பேசி, மே மாதம் நான்கு வாரம், இரண்டு பேருக்கு ஓர் ஊர் என்று ஏற்பாடு செய்தேன். முன்கூட்டியே போய் ஊரைப் பார்த்து வந்தேன். தங்கும் வீட்டின் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. அமைப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு அது வேடிக்கையாக இருந்தது. பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் தொடங்கியது. அன்றிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் முகாம் என்று கிராமத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கோயில் வளாகத்தைக் கூட்டுவார்கள், மரக்கன்று நடுவார்கள், குழுவாகப் படம் எடுத்துக்கொள்வார்கள். நகரத்திலிருந்து அறிவை மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கிராமத்தில் அவிழ்க்கிற பாவனை எனக்கு எப்போதும் கூச்சமாக இருக்கும். என் மாணவிகள் நகரத்துப் பிள்ளைகளும் அல்லர். ஆறு பேரில் ஐந்து பேரின் வீட்டில் முதல் பட்டதாரி அவர்கள்தான். 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயை வைத்துத்தான் அவர்களில் நான்கு பேர் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் சமாளிக்கிறார்கள். ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்குப் போகிறவர்கள் அவர்கள்.

முதல் நாள் இரவு இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி அழைத்தாள். அமைப்பு கொடுத்த கால அட்டவணைப்படி காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒரு வகுப்பு, மாலை நான்கிலிருந்து ஆறு வரை ஒரு வகுப்பு. பதினான்கு வயதிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களுக்கு.

"இருபத்தாறு பேரு வந்தாங்கம்மா. எல்லாம் பசங்க. பொட்டப்புள்ளைங்க மூணு பேரு வந்துச்சு, அதுங்களும் தம்பியக் கூட்டிட்டுப் போக வந்ததுங்கதான்."

வீடு வீடாகச் சொல்லியிருந்தார்கள். ஒலிபெருக்கியிலும் 'இளைஞர்களுக்கான கோடை வகுப்பு' என்று அறிவித்திருந்தார்கள். இளைஞர் என்ற சொல் இலக்கணப்படி பலர்பால். காதில் விழும்போது ஆண்பால். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பெண்ணின் வயதை ஏழாகப் பிரித்துப் பெயர் வைத்த மொழி இது. பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை மடந்தை. உலா வரும் தலைவனைப் பார்த்து மயங்குவதற்கு இந்த ஏழு பருவமும் தேவைப்பட்டன. வகுப்புக்கு அழைக்க ஒன்றும் உதவாது. போகட்டும், பேரிளம்பெண்ணுக்கும் நாற்பதோடு கணக்கு முடிகிறது, அதற்கு மேல் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்குப் பெயரே கிடையாது.

வராத பெண்களைத் தேடிப் போகச் சொன்னேன். போய் வகுப்புக்குக் கூப்பிடாதே, அவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்களோ அதில் கூட உட்கார் என்றேன். அவள் வெங்காயம் உரித்தாள். ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனாள். ஏன் வரவில்லை என்று கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்.

"கை ஒழியலக்கா."

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பெண்ணின் நாளையும் அவள் எழுதிக்கொண்டு வந்தாள். இருபது வருடமாக ஆய்வேடுகள் திருத்துகிறேன், இவ்வளவு நேர்த்தியான கள ஆய்வைக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். அதிகாலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் விடுவார்கள், எட்டுக் குடம் பிடிக்க வேண்டும். ஏழு மணிக்குள் அம்மா நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்குக் கிளம்பிவிடுவாள், அதற்குள் கஞ்சி தயாராக வேண்டும். பிறகு பாத்திரம், துணி, கைக்குழந்தையாக இருக்கும் தம்பியோ அக்கா மகனோ, மதியச் சோறு. மூன்றேகாலுக்கு ஆடு. ஆறு மணிக்கு மறுபடி அடுப்பு. பள்ளிக்கூடம் நடக்கிற மாதங்களில் அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது, சீருடை போட்டுக்கொண்டு வெளியே போகலாம். மே மாதத்தில் அந்தக் காரணம் பறிபோகிறது. விடுமுறை பையனுக்குத்தான். பெண்ணுக்கு வீட்டுவேலை முழுநேரமாகிறது.

எல்லாத் தாள்களையும் வரிசையாகப் பரப்பிப் பார்த்ததில் ஒரே ஓர் இடைவெளி தெரிந்தது. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை. அக்கினி நட்சத்திர வெயிலில் ஊரே சுருண்டு படுக்கிற நேரம். அந்த வெயிலில் யாரும் யாரையும் வேலை ஏவ மாட்டார்கள் என்பதால் மிஞ்சிய ஒன்றரை மணி நேரம் அது.

நேரம் கிடைத்ததும் இடம் சிக்கலானது. பள்ளிக்கூடம் ஊர்க்கோடியில், டீக்கடையைத் தாண்டி. ஊர்த்தெருவில் ஒரு பாட்டி தன் திண்ணையைக் கொடுத்தார், ஆனால் அங்கே காலனிப் பெண்கள் வர மாட்டார்கள், வந்தால் பாட்டியே உட்கார விடுவாரா என்பதும் நிச்சயமில்லை. காலனியில் வைத்தால் ஊர்த்தெருப் பெண்களை அனுப்ப மாட்டார்கள். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அங்கன்வாடியின் தாழ்வாரத்தை அங்கன்வாடி அம்மா கொடுத்தார். இடுப்பில் இருக்கிற தம்பியையும் தூக்கிக்கொண்டு வரலாம், ஓரமாகத் துண்டு விரித்துத் தூங்கப் போடலாம். முதல் மதியம் நான்கு பேர். இரண்டாம் வாரக் கடைசியில் பதினொரு பேர். அமைப்புக்காரர்களுக்குத் திருப்தியில்லை. மதியம் ஒன்றரைக்கு யார் வந்து வகுப்பைப் பார்வையிடுவது என்பது அவர்கள் கவலை.

இந்த மாவட்டத்துக்கு இது புதிய பாடமல்ல. 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது எனக்குப் பதினோரு வயது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 1996-இல் வந்த 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' புத்தகத்தில் அது இருக்கிறது. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகி, ஆண்கள் ஓட்டும் சைக்கிளை வாங்கினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கல் உடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அந்தக் காலத்தில்தான்.

என் அம்மா நிலா வெளிச்சத்தில் கண்மாய்க்கரையில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டாள். பெண் விடுதலையின் சின்னம் என்று அந்தச் சைக்கிளைப் பற்றி மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். அம்மா அதைச் சொன்ன விதம் வேறு. சந்தைக்கு நடந்து போய் வர ஒன்றரை மணி நேரம் ஆகும், சைக்கிளில் அரை மணி. மிஞ்சிய ஒரு மணி நேரத்தை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். அறிவொளிப் புத்தகத்தைப் படித்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான். எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்தது நேரம் என்பேன். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் வீட்டருகிலேயே மாலை நேரத்தில் நடந்தது. அதன் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய அந்த மாலை நேரம் எங்கிருந்து வந்தது, அடுப்பை யார் பார்த்தார்கள் என்பதையும் ஒருநாள் யாராவது எழுத வேண்டும்.

மூன்றாம் வாரம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. அங்கன்வாடித் தாழ்வாரத்துப் பெண்களில் ஒருத்தி கணக்கில் இருபத்தேழு. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். முடிவு வந்த நாலாம் நாள் ஊருக்குள் நூற்பாலை ஏஜெண்டின் வேன் வந்துவிட்டது. மே, ஜூன் மாதங்களில் தென்மாவட்ட ஊர்களில் இதைப் பார்க்கலாம். பத்தாவதில், பன்னிரண்டாவதில் தவறிய பெண்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது பள்ளிக்கூடத்தைவிட ஏஜெண்டுக்கு முதலில் தெரியும். மில் விடுதியிலேயே தங்கல், சில வருட ஒப்பந்தம், முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை. சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்தவர்களுக்கு மொழியறிவு இருந்திருக்கிறது.

என் மாணவி அந்த வீட்டுக்கு மூன்று முறை போனாள். அவளுடைய பெரியம்மா மகள் அப்படி ஒரு மில்லில் இருந்துவிட்டு வந்தவள், அதனால் பேசுவதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை. நுரையீரலில் பஞ்சு ஏறியதையும், விடுதியிலிருந்து வெளியே வர வார்டன் அனுமதி வாங்கியதையும், ஒப்பந்தம் முடியும் முன்பே உடம்புக்கு முடியாமல் வந்ததால் மொத்தத் தொகை கைக்கு வராததையும் சொன்னாள். அம்மாக்காரி எதையும் மறுக்கவில்லை.

"எல்லாந் தெரியும் தாயி. வீட்ல வச்சுட்டு நான் எப்புடிப் போயி மண்ணு வெட்ட? வயசுக்கு வந்த புள்ள."

இதற்கு என் மாணவியிடம் பதில் இல்லை. துணைத்தேர்வு ஜூலையில், அதுவரை மட்டும் பொறுங்கள் என்று கேட்டாள். பள்ளிக்கு உடன் போய் விண்ணப்பமும் கட்டணமும் கட்டி, ரசீதைக் கொண்டு வந்து அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்தாள். வேன் அந்த வாரம் வேறு இரண்டு பெண்களோடு போனது. அவர்களில் ஒருத்தி எங்கள் பதினொரு பேரில் ஒருத்தி.

பயிற்சி மே கடைசியில் முடிந்தது. இரண்டு மதிப்பலகு. அமைப்பின் அறிக்கைத் தாளில் பயனாளிகள் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருந்தது, மாணவி காலை மாலை வகுப்புகளின் எண்ணை எழுதிவிட்டு, மதிய வகுப்புக்குத் தனியாக ஒரு தாளை ஒட்டிக் கொடுத்தாள். அந்தக் காலண்டர் தாள்களை என்னிடம் தந்துவிட்டாள். என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

ஜூலையில் ஒருநாள் துறை அறைக்கு வந்து நின்றாள். கணக்குத் தேர்வன்று அந்தப் பெண்ணை மையத்துக்குக் கூட்டிப்போக வீட்டில் ஆள் இல்லையாம், அம்மாவுக்கு வேலை, அப்பா வெளியூரில். தனியாக அனுப்ப மாட்டார்கள். தனக்கு அன்று ஆன் டியூட்டி கிடைக்குமா என்று கேட்டாள். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். களப்பயிற்சித் தொடர்பணி என்று நானே எழுதி, கையெழுத்துப் போட்டு, முதல்வர் அறைக்கு அனுப்பினேன். காலை ஆறு இருபது பேருந்தை விட்டால் அடுத்தது எட்டரைக்குத்தான் என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புக்கு ஓடினாள்.