வத்தல் காயும் மாதத்தில்

பிப்ரவரி 6

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. பிராஸ்டேட்டில் புற்றுநோய். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு 8.6, கட்டியின் தீவிரம் கிளீசன் 3+4. எலும்புக்குப் பரவிய அடையாளம் ஸ்கேனில் இல்லை. மதுரையில் டாக்டர் இதையெல்லாம் சொன்னபோது என் மனைவி வெளியே பெஞ்சில் இருந்தாள். நோயாளி மட்டும் வரட்டும் என்று நர்ஸம்மா நிறுத்திவிட்டார். திரும்பும் பஸ்ஸில் பார்த்திபனூர் தாண்டியும் நான் வாய் திறக்கவில்லை. அபிராமத்தில் இறங்கியதும், "கட்டிதானாங்க?" என்றாள். தலையாட்டினேன்.

பிப்ரவரி 7

தூக்கம் இல்லை.

பிப்ரவரி 10

மூன்று வழி சொல்லியிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்துவிடலாம். கதிர்வீச்சு கொடுக்கலாம். அல்லது இப்போதைக்குத் தொடாமல், பி.எஸ்.ஏ., ஸ்கேன், தேவைப்பட்டால் மறுபடி பயாப்ஸி என்று கண்காணித்துவரலாம். என் நிலைமைக்கு மூன்றுமே பொருந்துமாம். "நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டர். கோபம் வந்தது. வத்தல் விலையென்றால் யோசித்துச் சொல்வேன். இதை நான் எப்படிச் சொல்ல?

சிங்கப்பூரிலிருந்து மகன் பேசினான். ரோபோ ஆபரேஷன்தான் என்கிறான். அந்த முறையை டெட்ராய்ட்டில் வளர்த்தெடுத்த மணி மேனன் நம் புதுச்சேரி ஜிப்மரில் படித்தவராம். சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கே 2022-இல் ரோபோ வந்துவிட்டதாம். "பணத்தப் பத்தி நினைக்காதீங்கப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் பணத்தை நினைக்கவே இல்லை. சிறுநீர் கட்டுப்படாமல் போகலாம், தாம்பத்தியம் முடிந்துபோகலாம் என்று டாக்டர் வேகமாகச் சொல்லிக் கடந்த இரண்டு வாக்கியம்தான் உள்ளே கிடக்கிறது. பெற்ற பிள்ளையிடம் அதைப் பேச முடியுமா?

பிப்ரவரி 14

நல்ல வெயில். மிளகாய்ப் பழம் பறித்துக் களத்தில் பரப்பினோம். நம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. இந்த வருஷம் நிறமும் திரட்சியும் அதற்குத் தக்கபடி இருக்கிறது. பகல் முழுக்க நோய் ஞாபகம் வரவில்லை.

பிப்ரவரி 22

நோன்பு திறந்த பிறகு மளிகைக்கடை பாய் கூப்பிட்டுவிட்டார். கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டு, பையனை வெளியே அனுப்பினார். "எனக்கும் அதேதான் வாத்தியாரே. மூணு வருஷமாச்சு." ஏதோ ஆபரேஷன் என்றுதான் அப்போது ஊருக்குத் தெரியும்.

முதல் ஆறு மாதம் துணி வைத்துக்கொண்டுதான் கடையில் உட்கார்ந்தாராம். இப்போது இருமினால், மூட்டையைத் தூக்கினால் இரண்டு சொட்டு. "தொழுகைக்கு?" என்றேன். "ஹஜ்ரத்கிட்டக் கேட்டேன். ஒவ்வொரு வக்துக்கும் புதுசா ஒளு எடுத்துக்கிட்டா தொழுகை கூடும்னுட்டார். ஆனா முன் வரிசைக்குப் போக மனசு வரல. இன்னிக்கும் பின்னாலதான் நிக்கிறேன்."

கல்லாவில் இருந்தபடியே கசிவை அடக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். ஒண்ணுக்கை அடக்குகிற மாதிரி இறுக்கிப் பிடிக்க வேண்டும், ஐந்து எண்ணி விடவேண்டும். மேசைமேல் அவர் விரல் ஒன்றொன்றாக மடங்கி விரிந்தது. வெளியே ஆள் வந்து சீனி கேட்டார். விரல் நிற்கவில்லை.

"ஆபரேஷன் வேண்டாமோ?" என்றேன். "அப்படிச் சொல்லல. உள்ள அது இருக்குன்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வராது. உங்களுக்கு வருமா?"

மார்ச் 1

மகன் ஒரு ஆராய்ச்சியை அனுப்பியிருந்தான். பிரிட்டனில் 1,643 பேரைக் குலுக்கல் முறையில் இதே மூன்று வழிக்கும் பிரித்து 15 வருஷம் பார்த்திருக்கிறார்கள். எந்த வழியில் போனவர்களிலும் நூற்றுக்குச் சுமார் 97 பேர் இந்த நோயால் சாகவில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் பிறகு சிகிச்சைக்கு வந்துவிட்டார்கள். நோய் வெளியே பரவியதும் கண்காணிப்புக் குழுவில்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆராய்ச்சியில் இருந்த பெரும்பாலோருக்கு என்னைவிடத் தீவிரம் குறைந்த நோய். இருந்தாலும் படித்து முடித்ததும் நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 2

மறுபடியும் பயம். அந்த மூன்று பேர் யார் யாரோ.

மார்ச் 9

அவளும் நானும் களத்தில் சோடை வத்தல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். கதிர்வீச்சென்றால் மதுரை பாலரெங்காபுரத்தில் அரசு மையம் இருக்கிறது, நாலு வாரம் தங்கச்சி வீட்டில் தங்கிக்கொள்ளலாம், ஆனால் மலக்குடலில் எரிச்சலும் ரத்தமும் வரக்கூடும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் கையை நிறுத்தாமல் கேட்டாள்: "ராத்திரி நாலு தடவை எந்திரிச்சுப் போறீங்களே, அது எதுல நிக்கும்?"

நான் இதை டாக்டரிடம் சொல்லவே இல்லை. வயதானால் அப்படித்தான் என்று விட்டிருந்தேன்.

"அப்புறம், பறிப்பு முடியிற வரைக்கும் பொறுக்குமான்னு கேட்டீங்களா?"

அதையும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நிமிராமலே சொன்னாள்: "டாக்டர் சொன்ன அந்த இன்னொரு விஷயம்... பாய் வீட்டம்மா சொன்னாங்க. அதுக்கு நானும் ஒருத்தி இருக்கேன்ல? என்னையும் கேக்கணும்ல?"

பதில் சொல்ல வரவில்லை. சாக்கு நிரம்பும்வரை இருவரும் பொறுக்கினோம்.

மார்ச் 12

போனில் டாக்டரைப் பிடித்தேன். உங்கள் நோய்க்குச் சில வாரம் பொறுப்பதால் கெடுதல் இல்லை என்றார். இரவில் எழுந்து போவதைச் சொன்னதும் பேச்சு மாறியது. சுரப்பி வீங்கி அடைப்பு இருந்தால் கதிர்வீச்சு அந்தத் தொந்தரவைக் கூட்டலாம், சிறுநீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்து பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றார்.

மார்ச் 15

எதைத் தேர்ந்தெடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. ஏப்ரல் 8-ஆம் தேதிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். கூட வருகிறவர் உள்ளே வரலாமா என்று கேட்டேன். வரலாம் என்றார்கள். அவளும் வருகிறாள்.