களிம்பு

சாவியைத் திருப்பினேன். கார் 'டக்' என்றது. மறுபடி திருப்பினேன். மறுபடியும் ஒரே ஒரு 'டக்'. பக்கத்தில் பட்டுச்சேலையில் மனைவி. பத்தரைக்கு நாகர்கோவிலில் முகூர்த்தம். வெளியே ஆனிச் சாரல்.

"பேட்டரி போச்சு" என்றேன்.

"லைட்டு பளிச்சுன்னுதானே எரியுது? ஹாரனும் அடிக்குதே" என்றாள்.

உனக்கென்ன தெரியும் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தேன். நான் இருபது வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு ஓம் விதி நடத்துகிறவன். அன்று கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனோம்.

மறுநாளே பழையதைக் கொடுத்துக் கழித்துப் புது பேட்டரி போட்டேன். இரண்டு நாள் ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. மூன்றாம் நாள் காலையில் அதே 'டக்'. நேராகக் கடைக்குப் போனேன். நாலு பேர் நிற்கும்போதே, "பழைய ஸ்டாக்கை என் தலையில கட்டிட்டீரே ஓய்" என்று கத்தினேன். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. கூடவே வீட்டுக்கு வந்து மீட்டரை வைத்துக் காட்டினார். 12.6 வோல்ட். நிறைய சார்ஜ் இருக்கிற பேட்டரி காட்டவேண்டிய கணக்கு அதுதான், எனக்கும் தெரியும். ஆனாலும் "உம்ம மீட்டரே சரியில்ல" என்றேன். எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

அடுத்து மெக்கானிக். "செல்ஃப் எடுக்கல" என்றதும் அவர் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, தேய்ந்த கார்பனை மாற்றினார். மேசைமேல் வைத்துக் கரண்ட் கொடுத்தபோது ராட்டினம்போல் சுற்றியது. வண்டியில் மாட்டினால் 'டக்'. தெருப் பையன்கள் தள்ளிவிட்டால் மட்டும் இரண்டாவது கியரில் உடனே உயிர் வந்துவிடும். பெட்ரோல், பிளக் எல்லாம் சரி, கோளாறு செல்ஃபைச் சுற்றித்தான் என்று அந்தத் தள்ளலே சொல்லிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகிப்போனது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக் உறை உருகி ஒட்டியிருந்தது. அது வேறு வியாதி என்று நினைத்துப் புதுக் கேபிள் வாங்கினேன். முழுத் துப்பும் அந்தக் கேபிளில்தான் இருந்தது.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எங்கள் குளச்சலில் போட்டுகள் கரையில் நிற்கும். போட்டில் வயரிங் வேலை பார்க்கிற எங்கள் தெருத் தம்பியும் வீட்டில் இருப்பான். நாலாவது தடவையாகப் பையன்கள் வண்டியைத் தள்ளுவதைப் பார்த்துவிட்டு மீட்டரோடு வந்தான்.

முதலில் சத்தத்தைக் கேட்டான். 'டகடகடக' என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் தெம்பில்லை என்று அர்த்தமாம். செல்ஃபில் இருக்கிற சொலினாய்டு என்ற காந்தச் சுவிட்ச் உள்ளே இழுக்கும், உடனே வோல்ட் விழும், விட்டுவிடும், மறுபடி இழுக்கும். இது ஒற்றை 'டக்'. பேட்டரி மைனஸில் மீட்டரின் ஒரு முனையை வைத்தான். மறுமுனையை இன்ஜின் உடம்பில் வைத்து, "இப்ப சாவியத் திருப்புங்க சாரே" என்றான். பூஜ்யத்தை ஒட்டி நிற்கவேண்டிய மீட்டர் எட்டு வோல்ட்டுக்குத் தாவியது.

"பாட்டரியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கரண்டு போவுது, திரும்பி வரத்துக்குத்தான் வழியில்ல. போட்டுலயும் இதே எளவுதான்."

ஒரு ஜம்பர் வயரை எடுத்து இன்ஜினுக்கும் பேட்டரி மைனஸுக்கும் போட்டான். சாவியைத் திருப்பினேன். வண்டி கிளம்பிவிட்டது. பத்து நிமிஷம் ஆகியிருக்குமா? ஆகியிருக்காது.

பிறகு வண்டிக்கடியில் படுத்து, கியர்பாக்ஸில் முறுக்கியிருந்த எர்த் வயரைக் கழற்றிக் கையில் தந்தான். வெளியே கறுப்பு உறை புதுசு போலத்தான் இருந்தது. முனையை வளைத்ததும் உறை பிளந்தது. உள்ளே செம்புக் கம்பிகளைக் காணோம். பச்சைப் பொடிதான் இருந்தது, விரலில் ஒட்டியது. போல்ட் உட்காரும் இடத்தில் செதில் செதிலாகத் துரு. களிம்பு. செம்பும் களிம்பும் போல உயிரும் ஆணவமும் என்று சைவ சித்தாந்தம் சொல்லும். படித்தது இந்த நேரத்தில்தான் நினைவுக்கு வரவேண்டுமா?

என் கண்ணைக் கட்டியது அந்த ஹெட்லைட் வெளிச்சம். லைட்டுக்கும் ஹாரனுக்கும் எர்த் வண்டியின் பாடி வழியாகப் போகிறது. அந்த வழி சுத்தமாக இருந்தது. செல்ஃபுக்கோ இன்ஜின் வழியாகத்தான் எர்த். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து பத்து ஆம்பியர் கேட்டாலே அதிகம். சின்னக் காரின் செல்ஃபே நூறு, நூற்றைம்பது கேட்கும். வழியில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தால் 150 ஆம்பியரில் 3 வோல்ட் தின்றுவிடும். கரும்பலகையில் எத்தனை தடவை எழுதிய பெருக்கல் இது! நேர்வழி அடைபட்டதால் அந்தக் கரண்ட் இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற வேறு இரும்பைத் தேடி, மெல்லிய ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் புகுந்து ஓடியிருக்கிறது. கேபிள் உறை உருகாமல் என்ன செய்யும்.

எங்கள் ஊரில் உப்பு காற்றிலேயே வரும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. ஜன்னல் கம்பிக்கு வருஷம் தவறாமல் பெயின்ட் அடிக்கிறேன். 1741-ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை வென்றதற்கு இங்கே நிற்கிற வெற்றித்தூண் கல் என்பதால் தப்பித்தது. காரின் பானட்டுக்குள் மட்டும் உப்பு நுழையாது என்று எப்படி நம்பினேன்?

அப்பாவின் காலத்து அம்பாசிடரில் செல்ஃப் எடுக்கவில்லையென்றால் டிக்கியிலிருந்து ஹேண்டிலை எடுத்து முன்னால் சொருகிச் சுற்றுவார்கள். 1912-ல் காடிலாக் காரில் கெட்டரிங் என்பவர் கண்டுபிடித்த மின்சார ஸ்டார்ட்டர் வந்தது உலகத்தின் கைகளை அந்த வேலையிலிருந்து விடுவிக்கத்தான். ஹேண்டில் உதைத்து மணிக்கட்டு முறிந்தவர்கள் அநேகம். நமக்கு அந்த வலி போய், சாவியைத் திருப்பினால் கிளம்பியாகவேண்டும் என்ற அதிகாரம் மட்டும் மிஞ்சியது.

புது எர்த் வயர் சில நூறு ரூபாய்தான். தம்பி இரும்பை உப்புத்தாளால் வெள்ளி தெரியும்வரை தேய்த்து, வயரை முறுக்கி, மேலே கிரீஸ் அப்பினான். கூலி வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தான்.

அந்தக் கடைத் தெரு வழியாகப் போகாமல் இரண்டு வாரம் சுற்றிப் போனேன். பிறகு ஒரு சாயங்காலம் போய் நின்றேன். "எர்த் வயராக்கும் கோளாறு. நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். கடைக்காரர் வேறொருவரின் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்து மூடியைத் திருகினார்.

"உங்களுக்க பழைய பாட்டரிய சார்ஜ் போட்டுப் பாத்தேன் சாரே. நல்ல பாட்டரியாக்கும் அது. வள்ளத்துல லைட்டுக்கு வேணும்னு ஒருத்தர் கேட்டாரு, கொடுத்துட்டேன்."

ஒரு டப்பா கிரீஸ் வாங்கிக்கொண்டு வந்தேன்.