கிக்கரே கியர்

மைசூரில் ஜாவா, யெஸ்டி வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறைகளில் நான் அதிகம் கவனித்தது இன்ஜினின் இடப்பக்கத்து ஒற்றை லீவரைத்தான். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் அது கிக்கர். பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் கியர். பழைய காலத்து விசித்திரம் என்று பலர் இதைச் சிரித்துக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு இது. ஆனால் மெக்கானிக்கின் கை சேராமல் முழுமை பெறாது.

செக்கோஸ்லோவாகியாவில் பிரான்டிசெக் யானெசெக் 1929-இல் தொடங்கிய ஜாவா, ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் மறைவாக உருவாக்கிய 250 சிசி வண்டியை 1946-இல் வெளியிட்டது. இந்த லீவர் ஜாவா வழி வந்தது. மைசூரின் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961-இல் ஜாவா வண்டிகளின் உற்பத்தியைத் தொடங்கியது. 1973 முதல் யெஸ்டி என்ற பெயர். 1996-இல் ஆலை மூடப்பட்டது. லீவரைவிட நுட்பமானது கிளட்ச். கியரை மிதித்தவுடன் உள்ளே ஒரு கேம் கிளட்சைத் தானே விடுவிக்கும். வண்டி கிளம்பிய பிறகு கியர் மாற்றக் கைக்கு வேலை இல்லை. ஆனால் கை லீவரின் கேபிளும் இந்தக் கேமும் ஒரே கிளட்சைத் தள்ளுவதால் இடைவெளி கச்சிதமாக அமைய வேண்டும். குறைந்தால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாக விடுபட்டே நிற்கும். மேட்டில் இன்ஜின் இரையும், வண்டி ஏறாது. கூடினால் கியர் முரண்டு பிடிக்கும். மெக்கானிக் திருகை இறுக்கி, சற்றே பின்வாங்கி, லீவரைக் கையால் மெல்ல அழுத்தி, கிளட்ச் நெகிழத் தொடங்கும் இடத்தைத் தொட்டே கண்டுபிடிக்கிறார். அதன் பிறகுதான் லாக் நட்டை முடுக்குகிறார். ஆயில் சீல் பழுதைக் கண்டுபிடிப்பதிலும் மெக்கானிக்கின் அனுபவமே பேசுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க் அறைக்குள் நுழைகிறது. இடப்பக்கச் சீல் தேய்ந்தால் அந்த அறை கிளட்ச் பக்கத்து எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும், சைலன்சரில் புகை கக்கும். புகையைப் பார்த்ததும் கார்புரேட்டரைக் கழற்றுகிறவர் புதியவர். கியர் ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறவர் தேர்ந்தவர்.

ஒரு லீவரை மிச்சம் பிடித்தது வெறும் சிக்கனம்தானே என்பார்கள். சிக்கனம் மட்டுமே நோக்கமென்றால், கிளட்சை விடுவிக்கும் கேமை எதற்குக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்? இன்னொரு மறுப்பு கனமானது: லீவரின் பற்கள் தேய்ந்தால் வண்டியைக் கிளப்பவும் முடியாது, கியரும் விழாது. உண்மை. ஒருவர் கைப்பக்குவத்தை நம்பியிருக்கும் இயந்திரம் குறையுள்ளது என்ற வாதத்துக்கும் இதுவே ஆதாரமாகலாம். ஆனால் அதே வடிவமைப்புதான் ஒவ்வொரு பாகத்தையும் பிரிக்கவும், அளக்கவும், சீர்செய்து மீண்டும் பூட்டவும் இடம் கொடுத்திருக்கிறது. ஆலை மூடிய பிறகும் வண்டிகள் ஓடுவதற்குக் காரணம் அதுதான். டூ ஸ்ட்ரோக் புகை கெடுதல்தான். அதனால் இந்த வண்டிகளைத் தினசரி ஓட்டச் சொல்லவில்லை.

என் கவலை வண்டியைப் பற்றியதல்ல, கையைப் பற்றியது. ஸ்பேர் பார்ட்ஸுக்குக் கேட்ட விலையைக் கொடுப்பவர்கள் கூலிக்கு மட்டும் பேரம் பேசுகிறார்கள். அப்படியிருந்தால் இளைஞர்கள் எதை நம்பி இந்த வேலைக்கு வருவார்கள்? உங்கள் வீட்டில் ஒரு யெஸ்டி நின்றால், அதைச் சரிசெய்கிறவருக்கு உரிய கூலி கொடுங்கள். அவர் கிளட்ச் வைக்கும் முறையை அவர் சம்மதத்தோடு படம் பிடித்து, கற்க விரும்பும் ஒருவரிடம் சேருங்கள்.