தாளில் இறங்கும் படம்

கணினித் திரை தன் ஒளியைத் தானே வீசுகிறது. தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. மேலே விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதோடு அதன் வேலை முடிந்துவிடும். நல்ல மேட் தாளில் அச்சாகும் அடர்ந்த கறுப்புகூட விழுந்த ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் திரையில் ஆயிரம் மடங்கு வேறுபாடு இருந்தால், அந்தத் தாளில் நாற்பது மடங்குகூடத் தேறுவது கடினம். இவ்வளவு குறுகிய இடத்துக்குள் படத்தின் உயிர் போகாமல் இறக்கி வைப்பதுதான் வீட்டில் கலைத்தரப் பிரிண்ட் போடுகிறவரின் வேலை. பிரிண்டர் அதற்கு ஒரு கருவி, அவ்வளவே.

இந்த வேலை வீட்டுக்குள் வந்து அதிக காலம் ஆகவில்லை. பாடகர் கிரஹாம் நாஷும் அவருடைய நண்பர் மேக் ஹோல்பர்ட்டும் 1991-இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் 'நாஷ் எடிஷன்ஸ்' என்ற அச்சகத்தைத் தொடங்கினார்கள். அங்கே இருந்த ஐரிஸ் 3047 இயந்திரம் அச்சகங்களில் மாதிரிப்படி எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அன்றைய விலை 1,26,000 டாலர். கெட்டியான ஓவியத் தாள் ஏறும்படி அதை மாற்றியமைத்துக் கலைப்படங்களை அச்சிட்டார்கள். அந்த இயந்திரம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அழகில் அந்தப் பிரிண்ட்டுகளுக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் தொடக்க காலத்து மைகள் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்தன.

வெளுத்ததற்குக் காரணம் சாயமை. நீரில் கரைந்த சாயம் தாளுக்குள் ஊறிப் பளிச்சென்று தெரியும். ஆனால் ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் அதன் மூலக்கூறுகளை எளிதில் சிதைத்துவிடும். நிறமி மையில் நிறம் கரைவதில்லை. மிக நுண்ணிய திடத் துகள்களாக மிதந்து, தாளின் மேற்பூச்சில் போய் அமர்கிறது. ஒரு துகளின் மேற்பரப்பு சிதைந்தாலும் உள்ளே இருப்பது நிறத்தைக் காக்கும். 2000-இல் எப்சன் நிறுவனம் மேசைமேல் வைக்கக்கூடிய நிறமி மை பிரிண்டரைக் கொண்டுவந்தது. 2005 வாக்கில் கறுப்பு, வெளிர் கறுப்பு, மிக வெளிர் கறுப்பு என மூன்று கறுப்பு மைகள் ஒரே இயந்திரத்துக்குள் வந்தன. கறுப்பு வெள்ளைப் படத்தின் சாம்பல் நிறங்களை வண்ண மைகளைக் கலந்து உண்டாக்கும் தேவை அதனால் பெருமளவு குறைந்தது. வீட்டு விளக்கொளியில் சரியாகத் தெரிந்த படம் வெயிலில் பச்சை பூத்துத் தெரியும் தொல்லையும் தணிந்தது. வீட்டில் போட்ட பிரிண்ட்டைக் காட்சிக்கூடத்தில் தயங்காமல் மாட்ட முடிந்தது அதன் பிறகுதான்.

தாளைத் தேர்ந்தெடுக்கும்போதே படத்தின் குணத்தில் பாதி முடிவாகிவிடுகிறது. முழுப் பருத்தியில் செய்த மேட் தாள் தொட்டால் மெத்தென்று இருக்கும், பளபளப்பு இருக்காது. மூடுபனி, முதியவர் முகம், மங்கலான உள்ளறை வெளிச்சம் போன்ற படங்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். பேரியம் சல்பேட் அடுக்கு பூசிய பரைட்டா தாள் பழைய இருட்டறைப் பிரிண்ட்டின் மினுமினுப்பைத் தரும். அதன் கறுப்பு, விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் திருப்பாது. நிழல்களில் விவரம் நிறைந்த படத்துக்கு அதுவே ஏற்றது. ஜெர்மனியில் 1584 முதல் தாள் செய்துவரும் ஹானமியூலே நிறுவனத்தின், சதுர மீட்டருக்கு 308 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் இத்துறையில் பலரும் அறிந்தது. சில தாள்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். கடையில் கண்ணைப் பறிக்கும் அந்த வெண்மை ஆண்டுகள் போகப்போகக் குறைந்து, தாள் மஞ்சளடிக்கும். நெடுங்காலம் நிற்க வேண்டிய படத்துக்கு இயல்பான இளமஞ்சள் வெண்மையே நம்பகமானது. பத்து வகைத் தாளை வாங்கி அடுக்குவதைவிட, மேட் ஒன்றும் பரைட்டா ஒன்றுமாக இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றின் போக்கை நன்றாகப் பழகிக்கொள்வது மேல்.

அடுத்தது திரை. "பிரிண்ட் இருட்டடிக்கிறது" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் பிரிண்டர் பொறுப்பல்ல. தொழிற்சாலையிலிருந்து வரும் மானிட்டர் தேவைக்கு மிஞ்சிய பிரகாசத்தில் இருக்கும். அதைப் பார்த்துத் திருத்துகிறவர் படத்தைத் தம்மை அறியாமலே இருட்டாக்கிவிடுவார். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலாவுக்குள் பிரகாசத்தைக் குறைத்து, அளவுமானி வைத்துத் திரையின் நிறத்தைச் சரிசெய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிரிண்டர், மை, தாள் மூன்றும் சேரும் ஒவ்வொரு கூட்டணிக்கும் ஒரு நிற வரைபடம் உண்டு. அதுதான் ஐ.சி.சி. புரொஃபைல். தாள் நிறுவனங்கள் இதைப் பெரும்பாலும் இலவசமாகவே தருகின்றன. அதைக்கொண்டு, அச்சிடும் முன்பே தாளில் படம் எப்படி ஒடுங்கும் என்பதைத் திரையில் முன்னோட்டமாகப் பார்க்கலாம். நிறத்தைக் கையாளும் பொறுப்பு படத்தொகுப்பு மென்பொருளிடமோ பிரிண்டர் மென்பொருளிடமோ, ஏதாவது ஒன்றிடம் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டும் திருத்தினால் முகங்கள் சிவந்து ஊதா பாய்ந்துவிடும்.

பிக்சல் கணக்கில் பலர் வீணாகக் கவலைப்படுகிறார்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் ஏ4 அளவுக்கு ஏறக்குறைய 87 லட்சம் பிக்சல் போதும். 13க்கு 19 அங்குலத் தாளுக்கு இரண்டே கால் கோடிக்குச் சற்றுக் குறைவு.

முழுத் தாளை நேரே ஏற்றாமல், படத்தின் முக்கியமான ஒரு பகுதியைச் சிறிய துண்டில் அச்சிட்டுப் பார்ப்பது தாளையும் மையையும் மிச்சப்படுத்தும். சூடாக வெளிவந்த துண்டைப் பார்த்து உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஈரம் வற்றும்போது நிழல்களும் நிறங்களும் சற்றே மாறும். மறுநாள் காலை, ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபின் திருத்துவதே முறை. வீட்டில் அச்சிடுவதன் உண்மையான பலன் இந்த இடத்தில்தான் கிடைக்கிறது. இரண்டு மூன்று படங்களுக்காகப் பிரிண்டர் வாங்கினால் ஃபோட்டோ லேப்பில் கொடுப்பதைவிடச் செலவு கூடுதல்தான் ஆகும். ஆனால் லேப்பிலிருந்து வந்த படத்தை ஏற்கலாம் அல்லது ஒதுக்கலாம். வீட்டில், வானத்தை அரைப் படி இறக்கி, கன்னத்து வெளிச்சத்தை ஒரு சிட்டிகை கூட்டி, மறுபடி போட்டுப் பார்க்கலாம். எடுத்தவரின் கண் படத்தைக் கடைசிவரை விட்டு விலகுவதில்லை.

பிரிண்டருக்கு ஓய்வு ஆகாது. நாட்கணக்கில் சும்மா கிடந்தால் தலைமுடியைவிட மெல்லிய நாசில்களில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பெடுக்கும் ஒவ்வொரு கழுவலும் விலையுயர்ந்த மையைக் குடிக்கும். வாரம் ஒரு வண்ணப்படம் போட்டுவிட்டால் போதும். சுவர் ஸ்விட்சை அணைக்காமல், பிரிண்டரின் சொந்தப் பொத்தானால் நிறுத்த வேண்டும். அப்போதுதான் மை தெளிக்கும் ஹெட் தன் மூடிக்குள் போய் அமரும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் வேறொரு பகை. ஈரம் குடித்த தாள் சுருண்டு ஹெட்டில் உரசும், பூஞ்சையும் பிடிக்கும். தாளை அதன் உறையிலேயே மூடி, படுக்கவைத்துப் பாதுகாப்பது நல்லது. ஏற்றும் முன் பருத்தித் தாளின் தூசியை மென்தூரிகையால் தட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் இழை உதிர்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி விழும்.

அச்சானதும் சட்டமிட அவசரப்படக் கூடாது. மையிலுள்ள கிளைக்கால் என்னும் கரைப்பான் மெல்ல ஆவியாகும். ஒருநாளுக்குள் கண்ணாடிக்குள் அடைத்தால் உட்புறம் புகைபோலப் படியும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அமிலமற்ற அட்டையால் சிறு இடைவெளி விட வேண்டும். நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறமி மையும் காலப்போக்கில் தோற்றுப்போகும். கையெழுத்தும் ஆண்டும் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவதே வழக்கம். பேனா மை பூச்சுக்குள் ஊறிப் பரவும்.